நாலாவது சீட்டில் எழுதுவது எப்படி

மும்பைக்கு வேலைக்கு வந்த நம்மூர்ப் பிள்ளைகள் எழுத்தைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தால் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "கொஞ்சம் செட்டில் ஆனதும் எழுதணும் அக்கா." இந்த ஊரில் யாரும் செட்டில் ஆவதில்லை தம்பி. பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடியும்போது தரகர் கதவைத் தட்டுவார். அது முடிந்தால் மழை. மழை முடிந்தால் கணபதி, நவராத்திரி, தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட். நானே "செட்டில் ஆனதும்" என்று சொல்லிக்கொண்டு ஏழு வருடம் போக்கியவள். அந்த ஏழு வருடத்தில் எழுதியது மளிகைச் சீட்டும், ஆபீஸில் கப்பல் சரக்குக்கான பில்லும்தான்.

லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். உள்ளே இருக்கும் மூவரும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். நாலாமவருக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம், மீதி நடைபாதையில் தொங்கும். ஆனால் அந்தப் பாதி இடத்தில் உட்கார்ந்து இந்த ஊர்ப் பெண்கள் சாயங்காலத்தில் பட்டாணி உரிக்கிறார்கள், வெந்தயக்கீரை ஆய்கிறார்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறார்கள். வேலையும் குடும்பமும் வைத்திருக்கும் ஒருவருக்கு எழுத்து கேட்டு வாங்கக்கூடிய இடம் அவ்வளவுதான். ஜன்னல் சீட்டுக்குக் காத்திருந்தால் கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.டி. வந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம்.

எதை வேண்டும் என்று சொல்வது

"எழுத்தாளர் ஆகணும்" என்பதைச் செவ்வாய்க்கிழமை காலையில் செய்ய முடியாது. "ஆச்சி உப்பளத்துக்குப் போன கதையை நாலு பக்கத்தில் எழுதணும்" என்பதைச் செய்ய முடியும். என் கனவு ரொம்ப நாளாக, தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே கண் கூசக் கூச நின்ற எங்கள் ஆச்சியைப் பற்றி ஒரு நாவல். "நாவல்" என்ற சொல்லே என்னை உட்கார விடாமல் அடித்தது. அதை உடைத்தேன். ஆச்சி விடிகாலையில் கிளம்புவது ஒன்று. கூலி வாங்கும் இடம் ஒன்று. மழை வந்து உப்பு கரைந்த வருடம் ஒன்று. இப்படிப் பதினாறு துண்டு வந்தது. பதினாறும் ஒரு தாளில், சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வெளிப்பக்கம் ஒட்டினால் விருந்தாளிகள் கேள்வி கேட்பார்கள்.

எழுத்தைத் தவிர வேறு ஆசைகளும் இருக்கும். பாட்டு கற்க வேண்டும், சொந்தமாக டிபன் கடை போட வேண்டும், ஊரில் அம்மாவுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். அவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஆனால் ஒரு வருடத்துக்கு ஒன்றுக்கு மட்டும் காலை நேரத்தைக் கொடுங்கள். மற்றதற்கெல்லாம் பணமோ ஞாயிற்றுக்கிழமையோ போதும். நான் மூன்றையும் காலையிலேயே செய்யப் பார்த்துப் பாட்டு டீச்சரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

ஒரு கணக்கு. நாளைக்கு 200 சொல், வாரம் 5 நாள், ஆக வாரத்துக்கு 1000. வருடத்தில் உடம்பு சரியில்லாத வாரம், ஊருக்குப் போகும் வாரம் என்று 10 வாரத்தைக் கழித்துவிட்டாலும் 42,000 சொல் கையில் நிற்கும். அது ஒரு சிறு நாவல். 200 சொல் என்பது எவ்வளவு என்று தெரியாவிட்டால், இந்தக் கட்டுரையின் மேலே உள்ள முதல் இரண்டு பத்தியும் சேர்ந்து நூற்றுச் சொச்சம்.

நேரத்தைத் தேடுவது

ஒரு வாரம், வெறும் ஒரு வாரம், எந்த மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று குறித்து வாருங்கள். திருத்த வேண்டாம், குறித்தால் போதும். எனக்குக் கிடைத்த உண்மை இது: ஆபீஸுக்காக டோம்பிவிலியிலிருந்து மஸ்ஜித் ஸ்டேஷன் வரை போக வர தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்கிறேன். அதில் பாதியைச் சீரியல் பார்த்தும் மீதியை மற்றவர்கள் சீரியல் பார்ப்பதைப் பார்த்தும் கழித்திருக்கிறேன்.

மும்பையில் எல்லோரும், சில ஸ்டேஷனில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் வண்டியைப் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள். நான் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோவுக்கு மாறினேன். டோம்பிவிலியிலேயே புறப்படும் ஸ்லோ சில உண்டு. கல்யாணிலிருந்து நிறைந்து வரும் ஃபாஸ்ட்டில் நிற்கவே முடியாது. இங்கே புறப்படும் ஸ்லோவில் கொஞ்சம் முன்னாலேயே போனால் உட்கார இடம் கிடைக்கும். பதினைந்து இருபது நிமிடம் கூடுதலாகும். அந்த இருபது நிமிடத்தை நஷ்டம் என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார். அந்த நஷ்டத்தில்தான் எட்டுக் கதை எழுதியிருக்கிறேன்.

மேற்கு லைனில் இருப்பவர்களுக்கு விரார், போரிவிலியில் இதே யோசனை. ஹார்பரில் பன்வேல், வாஷிக்காரர்களுக்கும் அப்படியே. எங்கே வண்டி காலியாகப் புறப்படுகிறதோ அங்கே ஏற முடியுமா என்று பாருங்கள். பாஸ் எடுக்கும்போதே இதை யோசித்து எடுக்க வேண்டும்.

உட்கார இடமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மும்பை ரயிலின் பெண்கள் பெட்டியில், இங்கே சொல்வதுபோல் லேடீஸ் டப்பாவில், கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஹிந்தி வாக்கியம் "கஹான் உதரேகி?" எங்கே இறங்குவாய் என்று உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு அந்த இடத்துக்கு முன்பதிவு செய்துகொள்வது. அது கிடைக்கும்வரை கையை விட முடியாது, எழுதவும் முடியாது. நிற்கும் நேரத்தில் அடுத்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கலாம். இடம் கிடைத்ததும் அது தானாக விரலுக்கு வரும். சாயங்கால வண்டியை எழுத்துக்கு நம்ப வேண்டாம். அந்த நேரத்துக்கு மூளை வடாபாவ் எண்ணெயில் பொரிந்து முடிந்திருக்கும். அப்போது காலையில் எழுதியதைப் படித்துப் பார்ப்பதோடு சரி.

எதில் எழுதுவது

முதல் இரண்டு வருடம் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒரு ஜூலை மாதம் குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்று, இறங்கி நடந்தபோது பையோடு நோட்டும் ஊறியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்த ஊர் இது. இங்கே மசியை நம்பக் கூடாது. போனில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். போன் காணாமல் போவதும் இங்கே வாழ்க்கையின் ஒரு பகுதிதான்.

விசைப்பலகை பற்றி. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை ஆரம்பத்துக்குச் சுலபம். ஆனால் ல, ள, ழ மூன்றிலும் ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வைக்கும், ஓட்டம் அறும். 1999இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பைப் பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு யோசிக்கிற வேகத்திலேயே விரல் போகிறது. குரலில் சொல்லி எழுதவைக்கும் வசதியும் இப்போது நன்றாகவே தமிழைப் பிடிக்கிறது. ஆனால் லேடீஸ் டப்பாவில் உங்கள் காதல் காட்சியை உரக்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு மாட்டுங்காக்காரர் கட்டாயம் இருப்பார்.

எதில் அடித்தாலும் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அனுப்பினால் அதை மாற்றுவதற்குப் பத்திரிகைக்காரருக்குப் பொறுமை இருக்காது.

தமிழ் துருப்பிடிக்குமோ என்ற பயம்

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏனென்றால் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் எழுதாமல் இருப்பதற்குச் சொல்கிற உண்மையான காரணம் நேரமின்மை கிடையாது. "ஊரை விட்டு வந்தாச்சு, தமிழே மறந்துடுது, இங்கே இருந்துகிட்டு எதை எழுத?" என்பதுதான்.

நாஞ்சில் நாடன் மும்பையில் வேலை பார்த்த வருடங்களில்தான் குமரி மாவட்டத்துக் கிராமங்களை எழுதினார். முதல் நாவல் 1977இல் வந்தது. எழுத்தாளர் அம்பை இன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறார். தூரத்தில் இருக்கும்போதுதான் வீட்டு வாசலில் எத்தனை படி இருந்தது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். உள்ளூரில் இருக்கிறவர் அதைத் தினமும் மிதித்துப் போய்க்கொண்டே இருப்பார்.

நடைமுறையில் நான் செய்வது: போனில் இரண்டு பட்டியல். ஒன்று ஊர்ச் சொல். வாரத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடியில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "சித்தி, உப்பு வாருற பலகைக்கு ஆச்சி என்ன பேரு சொல்வா?" சித்தி பேரைச் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டாள். அந்தப் பலகையால் யார் யாரை அடித்தார், அதற்குப் பஞ்சாயத்து எங்கே நடந்தது என்று போகும். கேள்வி ஒன்றாக இருப்பது முக்கியம். "பழைய கதையெல்லாம் சொல்லு" என்றால் "என்னத்தச் சொல்ல, எல்லாம் போச்சு" என்று முடிந்துவிடும்.

இரண்டாவது பட்டியல் மும்பைத் தமிழ். தாராவியில் பல தலைமுறையாக இருக்கும் நெல்வேலிக் குடும்பங்கள் பேசும் தமிழைக் கேட்டிருக்கிறீர்களா? "கோலியில லைட்டு போயிடுச்சு", "பாடா ஜாஸ்தி கேக்கிறான்", "சால்ல தண்ணி வரலை." கோலி என்றால் அறை, பாடா என்றால் வாடகை, சால் என்றால் வரிசை வீடு. நெல்லைப் பேச்சின் ஓசையில் மராத்தியும் ஹிந்தியும் ஏறி உட்கார்ந்திருக்கும். இதைத் திருத்தி நல்ல தமிழாக்கி எழுதுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது பாவம். உங்கள் பாத்திரம் தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் வளர்ந்தவன் என்றால் அவன் வாயில் பாடாதான் வரும், வாடகை வராது.

படிப்பதற்குப் புத்தகம் இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. 1998இல் இணையத்தில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து எழுத்து நாட்டுடைமை ஆனவர்கள் வரை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் அப்படியே. சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நிகழ்ச்சி இருக்கும் ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பொன்னாடை நீளமாகத்தான் போகும். ஆனால் அது முடிந்து வாசலில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் உங்களைப் போலவே ரகசியமாக எழுதுகிறவராக இருப்பார்.

உட்கார இடம்

ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் வீட்டில் எழுத முடியாது, அதற்காகக் குற்ற உணர்வும் வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்காகப் பல வார்டுகளில் அப்யாசிகா என்ற பெயரில் படிப்பறை உண்டு. பெரியவர்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். 1898இல் தொடங்கி இப்போது தாதரில் இருக்கும் மராத்தி கிரந்த சங்கிரஹாலயம் என்ற நூலகம், காலாகோடாவில் 1870ஆம் வருடக் கட்டடத்தில் இருக்கும் டேவிட் சாசூன் நூலகம், இரண்டும் உறுப்பினராகி உட்காரக்கூடிய இடங்கள். சாசூன் நூலகத்தின் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. வெளியே அந்தப் போக்குவரத்து நடக்கிறது என்று நம்பவே முடியாது. மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது, காசும் இல்லை. கொசு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன், தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பாதி வழியில் மாட்டினால் அன்றைய எழுத்து பிளாட்பாரத்தில் முடிந்துவிடும்.

முடிப்பது

முதல் கதை 1500 சொல்லுக்குள் இருக்கட்டும். முடிக்கும்வரை முதல் பத்தியைத் திருத்தாதீர்கள். நான் ஒரு கதையின் முதல் பத்தியைப் பதினொரு தடவை செதுக்கினேன். இரண்டாவது பத்தி இன்றுவரை பிறக்கவில்லை. முடித்த பிறகு பத்து நாள் திறக்காமல் வையுங்கள். பிறகு தனியாக இருக்கும் நேரம் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியம் கோணல்.

குடும்ப வாட்சப் குழுவில் போட வேண்டாம். மாமா கைகூப்பும் பொம்மை அனுப்புவார், அத்தை "இது நம்ம சரோஜா கதைதானே" என்று கேட்பார், அதோடு மூன்று மாதம் உங்களால் எழுத முடியாது. ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மேல் பாசம் அதிகம் இல்லாத, நிறையப் படிக்கிற ஆள். அவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்தில் படிக்கிறதை நிறுத்தத் தோணிச்சு?" என்று கேளுங்கள்.

அனுப்புவது

ஒரு நேரத்தில் ஒரு பத்திரிகைக்கு. கதையை எழுத்துக்கோப்பாக, பெயர், முகவரி, சொல் எண்ணிக்கையோடு. கடிதம் மூன்று வரி போதும், "நான் சிறுவயது முதலே" என்று ஆரம்பிக்க வேண்டாம். எந்தக் கதை, எந்தத் தேதியில், எங்கே போனது என்று ஒரு பட்டியல் வையுங்கள். மூன்று மாதம் பதில் இல்லாவிட்டால் ஒரு வரியில் கேட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் மறுப்பு மௌனமாகத்தான் வரும். என் பட்டியலில் முதல் ஒன்பது வரியும் மௌனம்தான். பத்தாவது வரியில் வந்த கதை, மூன்றாவது வரியில் மௌனமாகப் போன அதே கதை.

அனுப்பிய அன்றே அடுத்ததை ஆரம்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தினமும் மெயிலைத் திறந்து மூடுவதே எழுத்துப்பணி ஆகிவிடும்.

பணம், ஒப்பந்தம்

ஏழெட்டுக் கதை சேர்ந்ததும் "புத்தகம் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது வருவார்கள். எனக்கும் வந்தார்கள். 30,000 ரூபாய் கொடுத்தேன், 300 பிரதி என்றார்கள். கடைக்கு ஒன்றும் போகவில்லை, மொத்தமும் டோம்பிவிலிக்கு லாரியில் வந்தது. இன்னும் கட்டிலுக்கடியில் இருநூறுக்கு மேல் இருக்கிறது. தேவைப்பட்ட பேருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிறேன். என் தப்பு, ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் என்பதில்லை. நம் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருடத்துக்கும் நிற்கும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மொழிபெயர்ப்பு, சினிமா, ஒலிப்புத்தகம் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். உரிமைத்தொகை தமிழில் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். அது எப்போது, எந்தக் கணக்கின் பேரில் வரும் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசு அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வருவதால் அதற்கு முந்தைய மாதங்களில் பதிப்பாளர்கள் மூச்சு விட நேரமில்லாமல் இருப்பார்கள். கைப்பிரதியை மழைக்காலத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. 35 வயதுக்குள் இருப்பவர்கள் சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளருக்குக் கொடுக்கும் யுவ புரஸ்கார் விருது பற்றியும் தெரிந்து வையுங்கள், 2011இலிருந்து கொடுக்கிறார்கள், தொகை 50,000 ரூபாய். எனக்கு அந்த வயது கட்டிலுக்கடியில் புத்தகம் வந்து சேர்ந்த வருடமே தாண்டிவிட்டது.

வீட்டில் சொல்வது

வேலையை விடாதீர்கள். மாதச் சம்பளம் வருகிறவரைக்கும் கதையை யாருக்காகவும் வளைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக வருடத்தின் விடுப்பில் நாலு நாளைக் கதைக்கென்று ஒதுக்குங்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்கு எடுப்பது போலவே எடுங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டு. வீட்டில் "எழுதப் போறேன்" என்றால் "அதுக்கென்ன, அப்புறம் எழுதிக்கலாமே" என்பார்கள். நான் "6.50க்கு வண்டி" என்று மட்டும் சொல்வேன். வண்டி நேரத்தை இந்த ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம். உங்கள் ஸ்டேஷனில் புறப்படும் ஸ்லோவுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். பையை மடியில் வைத்து, போனை அதன்மேல் வையுங்கள். தாணேவில் ஏறுகிறவர்கள் நெருக்குவார்கள், அதற்குள் 100 சொல் தாண்டியிருந்தால் நல்லது. பாண்டுப் வரும்போது வேர்க்கும். காட்கோபரில் மெட்ரோவுக்கு மாறுகிறவர்கள் மொத்தமாக இறங்குவார்கள். அப்போது ஒரு இடம் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு நாலாவது சீட் கிடைக்கும்.